பூட்டு என் கையில், இன்னொரு போன் அத்தை கையில்: இரண்டு வருட அனுபவம்

கூட வேலை பார்க்கும் பெண் போன வாரம் கேட்டாள். "அக்கா, பிள்ளையோட போனை இங்க இருந்தே பூட்டுறீங்களே, அதை நானும் போடலாமா?" கையில் இருந்த டீ ஆறிப்போனது, நான் பதில் சொல்லி முடித்தபாடில்லை. மிச்சத்தை எழுதிவிடுகிறேன்.

வீடு வில்லாபுரம், வேலை உசிலம்பட்டியில். காலையில் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினால் திரும்பி வீட்டுப் படி ஏற ஏழரை ஆகிவிடும். மகனுக்குப் பத்து வயது. நாலரைக்குப் பள்ளிவிட்டு வந்தான் என்றால் அதன்பிறகு அவனும் அவன் அப்பத்தாவும்தான். என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுவேன். அந்த மூன்று மணி நேரத்துக்காகத்தான் இந்தச் செயலியைப் போட்டேன்.

அது என்ன செய்யும் என்பது பலருக்கும் தெரிந்திருக்கும். ஐபோனில் 2018லிருந்து ஸ்கிரீன் டைம் உள்ளேயே இருக்கிறது, ஆண்ட்ராய்டுக்கு கூகுளின் ஃபேமிலி லிங்க் இலவசமாகவே கிடைக்கிறது. காசு கேட்கும் செயலிகளும் நிறைய. நான் வைத்திருப்பது எது என்று சொல்லப்போவதில்லை. திட்டப்போகிறேன், அதனால்தான்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். நேரக் கணக்கில் ஒரு நிமிடம் பிசகாது. நாளைக்கு ஒரு மணி நேரம், ராத்திரி எட்டரைக்கு மேல் கிடையாது என்று வைத்தால் அப்படியே நிற்கும். (உலக சுகாதார நிறுவனம் 2019ல் சொன்ன அந்த ஒரு மணி நேரம் 2 முதல் 4 வயதுப் பிள்ளைகளுக்கானது. அதைப் பத்து வயதுக்காரனுக்குக் காட்டி அத்தையிடம் வாதாடியவள் நான். இப்போது ஒத்துக்கொள்கிறேன்.) பூட்டிய பிறகும் அவனுக்குப் போன் போட்டுப் பேசலாம். வீட்டில் நெட் இல்லாவிட்டால்கூட என் செயலியில் வரும் எண்ணைச் சொன்னால் போதும், அதைத் தட்டி அங்கே திறந்துகொள்ளலாம். கொஞ்ச நேரத்தில் அந்த எண் மாறிவிடும். செக்கானூரணி தாண்டி, ஒரு கையில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே, அந்த எண்ணை அத்தைக்கு ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறேன். பக்கத்தில் நின்றவர் ஓடிபி திருடன் யாரிடமோ மாட்டிக்கொண்டேன் என்று நினைத்து, "சொல்லாதீங்கம்மா, சொல்லாதீங்க" என்று பதறிவிட்டார்.

எதிர்பாராமல் கிடைத்த சந்தோஷம் ஒன்று உண்டு. அவன் என்ன பார்க்கிறான் என்று ஒருநாள் அவன் கணக்கில் போய்ப் பார்த்தேன். கேமாக இருக்கும், கார்ட்டூனாக இருக்கும் என்று நினைத்தால் முக்கால்வாசி மாடு. கண்மாயில் காளைக்கு நீச்சல் பழக்குவது, மண் குத்தப் பழக்குவது, பருத்திக்கொட்டை ஆட்டி வைப்பது. அவனியாபுரம் பக்கத்தில் இருந்துகொண்டு இதுகூடத் தெரியாமல் இருந்திருக்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை மாடு வளர்க்கும் ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போனேன். கொம்புக்குச் சாயம் எப்போது அடிப்பார்கள் என்பதுவரை அவன்தான் எனக்குச் சொன்னான்.

இனி என் வயிற்றெரிச்சல்.

வீட்டுப்பாடம் வாட்ஸ்அப் குழுவில் வருகிறது. தானாக வாட்ஸ்அப் கணக்கு வைத்துக்கொள்ள 13 வயது ஆகியிருக்க வேண்டும் என்பதால் குழுவில் இருப்பது என் எண். போட்டோவாக வந்து விழும்போது நான் வேலையில் இருப்பேன். அதை யாருக்கு அனுப்புவது? அத்தைக்குத்தான். அத்தை போனில் பூட்டுக் கிடையாது. போடவும் முடியாது. அறுபத்தெட்டு வயது மனுஷியின் போனை மருமகள் பூட்டி வைத்தாள் என்று தெருவே பேசும்.

முதல் நாலு மாதம் அறிக்கையில் "இன்று 52 நிமிடம்", "இன்று 47 நிமிடம்" என்று பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போனேன். ஆபீசில் காட்டிக்கூடப் பெருமைப்பட்டேன். ஒருநாள் அத்தை, "ஏத்தா, எம் போனுல ஆறு மணிக்கெல்லாம் நெட்டு நின்னு போகுது, சீரியல் சுத்திக்கிட்டே இருக்கு" என்றார். நாளைக்கு ஒன்றரை ஜிபி திட்டம். வாட்ஸ்அப்பில் குட்மார்னிங் அனுப்பியா ஒன்றரை ஜிபி தீரும்?

கேட்டால், "எழுத்து பொடிசா இருக்குன்னான், பெருசாக்கிப் பாத்துக்கடான்னு குடுத்தேன்" என்கிறார். பெருசாக்கிப் பார்த்தது வாடிவாசலை. அவனைக் கேட்டால், "என் போன்லதானே ஒரு மணி நேரம்னு சொன்னீங்க" என்கிறான். வக்கீலுக்குப் படிக்க வைக்கலாம்.

இதில் செயலியைக் குறை சொல்ல முடியாது என்று எனக்கே தெரியும். அவன் கணக்கில் இருக்கும் போனைத்தான் அது எண்ணும், அத்தை போனை எப்படி எண்ணும்? ஆனால் அதன் முகப்பில் ஒரு படம் இருக்கிறது: அப்பா, அம்மா, ஒரு பிள்ளை, மூன்று பேரும் சிரிக்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சலாக வரும். நாலரையிலிருந்து ஏழரைவரை பிள்ளையோடு இருப்பது யார்? அவருக்கு அந்தப் படத்திலும் இடம் இல்லை, செயலியிலும் இல்லை.

பெற்றோர் என்று இன்னொருவரைச் சேர்க்க வழி இருக்கிறது. அத்தையைச் சேர்த்தால் கேட்டதற்கெல்லாம் நேரம் கொடுத்துவிடுவார் என்று பயந்து வீட்டுக்காரரைச் சேர்த்தேன். அவர் கீழமாசி வீதியில் மொத்தக் கடையில் கல்லாவில் இருக்கிறார். "இன்னும் கொஞ்ச நேரம்" என்று மகன் கேட்டு வரும் கோரிக்கையை, சரக்கு பில்லுக்குத் தலையாட்டுகிற மாதிரி, என்னவென்று பார்க்காமலே அனுமதித்துவிடுவார். நான் பஸ்ஸில் "முடியாது" என்று தட்டுவதற்குள் அங்கே "சரி" விழுந்திருக்கும். அப்படியே நான் முந்திக்கொண்டாலும் அடுத்த நிமிடம் அத்தையிடமிருந்து போன் வரும்: "போனு அமந்துபோச்சுத்தா, பிள்ள மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கான்."

இரண்டு வருடத்தில் ஒருமுறைகூட நான் செயலியை எடுத்துவிட நினைத்ததில்லை. பரீட்சை நேரத்திலும், ராத்திரித் தூக்கத்திலும் வித்தியாசம் தெரிகிறது. போன் பூட்டிக்கொண்டால் முதலில் அழுவான், இப்போது அவனே கொண்டுபோய் சார்ஜில் போடுகிறான்.

இருந்தும் அந்தப் பெண்ணிடம் "போடாதே" என்றுதான் சொன்னேன். அன்று காலையில்தான் அத்தையின் போனுக்கு நாளைக்கு 2 ஜிபி வரும் திட்டத்தில் ரீசார்ஜ் செய்துவிட்டு வந்திருந்தேன்.