ஐப்பசி மழைக்கு எந்த மாடல்? மலையகத்தில் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்ததில்

விண்டி (Windy) வானிலை அப்பில் ஒப்பிடும் பட்டியலைத் திறந்தால், மழையைக் கணித்துச் சொல்லும் கணினி மாடல்களான ஐரோப்பிய மாடல், அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ், ஜெர்மனியின் ஐகான் மூன்றும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். ஒக்டோபர், நவம்பரில் மூன்றும் ஒத்துப்போவது அபூர்வம். ஒன்று ஹட்டனுக்கு 4 மில்லிமீற்றர் என்னும், இன்னொன்று 22 என்னும். எதை நம்பி உரம் போடுவது?

அது எந்த மழை என்பதைப் பொறுத்தது. காலையில் வெயில் அடித்து, மத்தியானத்துக்கு மேல் இடியோடு கொட்டிவிட்டுப் போவது ஒன்று. வங்காள விரிகுடாத் தாழமுக்கம் இழுத்துவரும் நாள்கணக்கான மழை இன்னொன்று.

இடிமழைக்கு எந்த மாடலின் மில்லிமீற்றரும் தேறாது. மாடல்கள் நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்தே கணக்குப் போடும்: ஐரோப்பிய மாடலின் கட்டம் 9 கிலோமீற்றர், ஐகான் 13, விண்டியில் வரும் ஜிஎஃப்எஸ் 22. இடிமேகம் சில கிலோமீற்றர் அகலம்தான். அதைத் தனியாகப் பிடிக்க முடியாமல் கட்டம் முழுக்கத் தூறலாகப் பரப்பிவிடும். மலையையும் இழைத்துத் தட்டையாக்கிவிடும். ஹப்புத்தளை முகட்டுக்கு வடக்கே பண்டாரவளை, தெற்கே பெரகலைக்கு இறங்கும் செங்குத்துச் சரிவு. 22 கிலோமீற்றர் கட்டத்துக்கு இரண்டும் ஒரே இடம்! மழை தொடங்கும் நேரமும் பெரும்பாலும் முந்தியே காட்டும். இப்படியான நாளில் அளவைப் பார்க்கவே வேண்டாம். மூன்றும் மழை என்றால் மருந்தடிப்பைக் காலை பத்துக்குள் முடியுங்கள். இலையில் காய நேரம் வேண்டும்.

தாழமுக்கம் என்றால் மாடல்கள் உண்மையிலேயே உதவும். ஏழெட்டு நாளுக்கு முன் ஜிஎஃப்எஸ் ஒரு புயலைக் காட்டினால் பதற வேண்டாம். அது ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு முறை புதிதாகக் கணக்குப் போடும்; ஒவ்வொன்றும் ஒரு ஓட்டம். அடுத்த ஓட்டத்திலேயே புயல் காணாமல் போகலாம். ஐரோப்பிய மாடலின் மூன்று ஓட்டங்கள் தொடர்ந்து ஒரே பாதையைக் காட்டினால்தான் கவனிக்க வேண்டும். 00 ஓட்டம், அதாவது கிரீன்விச் நள்ளிரவு ஓட்டம், நம் நேரம் காலை 5.30 நிலவரத்தில் தொடங்கி, திரைக்கு வர மத்தியானம் ஆகும். காலை ஏழு மணிக்கு நீங்கள் பார்ப்பது நேற்றைய கணக்கு. காற்றின் திசையையும் பாருங்கள்: வடகிழக்கிலிருந்து வீசினால் பதுளை, பசறைப் பக்கச் சரிவுகள்தான் முதலில் வாங்கும்.

சரிபார்க்க மழைமானி கட்டாயம். வாய் விட்டம் 11.3 சென்ரிமீற்றர் உள்ள புனலை இரண்டு லீற்றர் கேனில் பொருத்தினால், சேரும் ஒவ்வொரு 10 மில்லிலீற்றரும் 1 மில்லிமீற்றர் மழை. மரத்தின் உயரத்தைப்போல இரு மடங்கு தள்ளி வையுங்கள். தினமும் காலை 8.30க்கு அளக்க வேண்டும். வளிமண்டலவியல் திணைக்களத்தின் நாளும் அப்போதுதான் தொடங்கும். விண்டி அப்பின் நாளோ நள்ளிரவில் மாறும். விடியற்காலை மூன்று மணி மழை அங்கே இன்றைய கணக்கு, நம் மானியில் நேற்றையது. மாடல் பொய் சொன்னது என்று ஏசுவதில் பாதி இந்தக் குழப்பம்தான்.

சரிவில் லயம் (தோட்டக் குடியிருப்பு) இருந்தால் மாடலை விட்டுவிட்டுக் கேனைப் பாருங்கள். மண்சரிவுக்கு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணி நேர மழைக்கு வைத்திருக்கும் எச்சரிக்கை எல்லைகள் 75, 100, 150 மில்லிமீற்றர். 150 என்றால் வெளியேற வேண்டும். கேனில் அது ஒன்றரை லீற்றர்.