பெட்டியா, காப்புரிமையா, கோபுரமா: காசை எதில் போடுவது?

எங்கள் வீட்டு அலுமாரிக்கு மேல் ஒரு பழைய சிடிஎம்ஏ போன், அதாவது கம்பியில்லாத வீட்டுப் போன், கிடக்கிறது. ஒரு காலத்தில் வெளிநாட்டு அழைப்புக்காக அயலட்டை முழுவதும் அதைச் சுற்றித்தான் குந்தியிருக்கும். அந்தச் சேவையை வழங்கியவற்றில் ஒன்றான சன்ரெல் 2012 இல் டயலொக் என்ற இலங்கைக் கைபேசி நிறுவனத்தின் கைக்குப் போனது. ஆனால் சிடிஎம்ஏ காப்புரிமைகளை வைத்திருந்த அமெரிக்காவின் குவல்கொம், இன்று 5ஜி போன்களிலும் உரிமைப்பணம் வாங்குகிறது. 5ஜி ரவுட்டர், ஈசிம் கடிகாரம், செய்மதி டிஷ் எல்லாம் வருகுது, எந்தப் பங்கை வாங்கலாம் என்று கேட்கிற பெடியளுக்கு நான் முதலில் அந்தப் போனைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

பெட்டி, அதாவது போன், ரவுட்டர் மாதிரிக் கருவி, செய்கிறவனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நொக்கியாவின் போன் தொழிலை 2014 இல் மைக்ரோசொப்ட் வாங்கியது. அடுத்த வருடமே 760 கோடி டொலரை நட்டக் கணக்கில் எழுதியது. அப்பிள் மாதிரி ஒன்றிரண்டு தப்பும். எது தப்பும் என்று முன்கூட்டிச் சொல்ல என்னால் ஏலாது.

காப்புரிமைக்காரன் கதை வேறு. குவல்கொம்மும் முதலில் போன் செய்ததுதான். 1999, 2000 காலத்தில் கோபுரக் கருவித் தொழிலை எரிக்சனுக்கும் போன் தொழிலை கியோசெராவுக்கும் விற்றுவிட்டு, சிப்பையும் காப்புரிமையையும் கையில் வைத்துக்கொண்டது. 1999 இல் மட்டும் அதன் பங்கு இருபத்தைந்து மடங்குக்கு மேல் ஏறியது. அந்த உச்சத்தில் வாங்கியவர்கள் போட்ட விலையைத் திரும்பக் காண ஏறத்தாழ இருபது வருடம் காத்திருந்தார்கள். நல்ல நிறுவனம்தான், வாங்கிய விலைதான் பிழை. இங்கே இருந்து அந்தப் பங்கை வாங்க அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடுகளும் குறுக்கே நிற்கும். கனடாவில் இருக்கிற தம்பிமாருக்கு இந்தப் பாதை பொருந்தும்.

நமக்கு எட்டுவது கோபுரக்காரன், அதாவது கோபுரம் நட்டுச் சேவை தருகிற நிறுவனம். கொழும்புப் பங்குச் சந்தைக்கு யாழ்ப்பாணத்திலேயே கிளை இருக்கிறது; பங்குகளை வைத்திருக்கத் தேவையான சிடிஎஸ் கணக்கைக் கைபேசியிலும் திறக்கலாம். அங்கே தொலைத்தொடர்பில் இருப்பது இரண்டு பெயர்: டயலொக், ஸ்ரீலங்கா ரெலிகொம்.

ரெலிகொம்மில் மொபிடெலும் அடக்கம். நிலத்தடிக் கம்பியும் ஃபைபரும் அதன் பலம். ஆனால் 49.5 வீதம் அரசிடம், 44.98 வீதம் ஒரு வெளிநாட்டு முதலீட்டாளரிடம். சந்தையில் புரள்வது ஐந்து வீதம் சொச்சம்தான். அதனால் அரசு தன் பங்கை விற்கப்போகிறது என்ற பேச்சு வந்தால் விலை துள்ளும். பேச்சு அடங்கினால் விழும். அவசரத்துக்கு விற்க நினைத்தால் வாங்க ஆளைத் தேட வேண்டிவரும். மகளின் படிப்புச் செலவுக்கென்று வைத்த காசை இதில் போடாதீர்கள், தயவுசெய்து.

டயலொக் 2005 இல் 12 ரூபாவுக்குப் பொதுமக்களிடம் வந்தது. 2023 இலும் அதன் விலை அதற்குக் கீழேதான் கிடந்தது. இடையில் பங்குலாபம் கிடைத்தது உண்மை, ஆனாலும் பதினெட்டு வருடம்! 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை போனபோது, டொலரில் வாங்கிய கடன் அதைப் பெரும் நட்டத்தில் தள்ளியது. கோபுரக் கருவிகள் டொலரில் வரும். ரீலோட் காசு ரூபாவில் வரும். இந்தத் தொழிலின் நோவு அதுதான். மறுபக்கம், 2024 இல் எயார்டெல் லங்கா டயலொக்கோடு இணைந்தது. பதிலுக்குப் பாரதி எயார்டெலுக்கு 10.355 வீதப் பங்கு போனது. போட்டியாளர் ஒருவர் குறைந்தால் விலைக்குறைப்புச் சண்டையும் தணியும். பாவனையாளனாக எனக்கு அதில் கவலை உண்டு, பங்குதாரனாக நன்மை.

2025 ஜூலையில் செய்மதி வழியாக இணையம் தருகிற ஸ்டார்லிங்க் இலங்கைக்கு வந்தது. நெடுந்தீவு மாதிரி இடங்களுக்கு அது பெரிய உதவியாக இருக்கும். சனம் நெருங்கி வாழும் திருநெல்வேலி, நல்லூர்ப் பக்கம் ஒரே செய்மதியின் அலைவரிசையைப் பல வீடுகள் பங்குபோட வேண்டும். அங்கே கோபுரத்தையும் ஃபைபரையும் அது லேசில் அசைக்காது.

என் தெரிவு டயலொக், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. ஆண்டறிக்கை வந்தால் பங்குலாபத்துக்கு முன்னர் நான் தேடிப் பார்ப்பது டொலர்க் கடன் எவ்வளவு என்ற பக்கத்தை.