"வைட் லென்ஸ் என்றால் ஓரம் இப்படித்தான்" என்று சொல்லி விற்கிறார்கள், கவனம்

முன்பே எங்கேயோ விழுந்து அடிபட்டு, உள்ளே பங்கஸும் (பூஞ்சை) பிடித்த ஒரு வைட் லென்ஸை, அதாவது அகன்ற காட்சியைப் பிடிக்கிற கமரா லென்ஸை, புத்தம் புதியது என்று சொல்லி எனக்கு விற்றிருக்கிறார்கள். கொழும்பு நகருக்குள் இருக்கும் கடைதான். முறைப்பாடு கொடுத்திருப்பதால் பெயரை எழுதவில்லை. பெயரை விட முக்கியமான விஷயம், இப்படிப்பட்ட லென்ஸை எந்தக் கடையில் நீட்டினாலும் காசு கொடுக்க முன்னரே நீங்கள் கண்டுபிடித்துவிட வேண்டும் என்பது. அதற்காகவே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது ஃபுஜி எக்ஸ்-டி30 கமராவும் 18-55 சூம் லென்ஸும். நல்ல லென்ஸ், குறை சொல்ல மாட்டேன். ஆனால் லென்ஸ் மட்டுமே 310 கிராம். யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸிலும் பதுளை ரயிலிலும் நாள் முழுக்கக் கழுத்தில் தொங்கப் போட்டுக்கொண்டு திரிவது கஷ்டம். மற்றது, அதன் ஆக அகன்ற பக்கமான 18மிமீ எனக்குப் போதவில்லை (இந்த மிமீ எண் குறையக் குறையப் படத்துக்குள் கூட அடங்கும்). புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்புப் பள்ளிவாசலுக்கு முன்னால் நின்று படம் எடுக்கப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். தெரு ஒடுக்கம். எதிர்ப்பக்கக் கடையில் முதுகு முட்டும் வரை பின்னால் போனாலும் கட்டடம் முழுதாக அடங்காது. ரயில் பெட்டிக்குள்ளும், படம் எடுக்க விடுகிற கோயில் மண்டபங்களுக்குள்ளும் இதே பிரச்சினைதான். இந்தக் கமராவில் 18மிமீக்குக் கிடைக்கும் பார்வைக் கோணம் 76 பாகை அளவு, 16மிமீக்கு 83 பாகை. ஒடுக்கமான இடத்தில் அந்த 7 பாகை நிறையப் பிடிக்கும்.

ஃபுஜியில் இந்த அகலத்துக்குக் கிட்டே ஒரே குவியத்தூரம் உள்ள, அதாவது சூம் இல்லாத, லென்ஸ்கள் சில இருக்கின்றன. 14மிமீ எஃப்2.8 இன்னும் அகலம், 235 கிராம் (எஃப் என்பது வெளிச்சம் போகிற துளையின் அளவு, எண் சின்னதென்றால் துளை பெரிது). 16மிமீ எஃப்1.4 அருமையான கண்ணாடி, ஆனால் 375 கிராம், 67மிமீ ஃபில்டர். அதைத் தூக்குவதற்கு 18-55ஐயே வைத்திருக்கலாம். 2012இல் வந்த 18மிமீ எஃப்2 வெறும் 116 கிராம்தான், ஆனால் ஃபோகஸ் மெதுவாகவும் சத்தமாகவும் நகரும், அகலமும் என்னிடம் இருக்கிற அதே 18. சம்யாங் 12மிமீயின் பழைய வகையில் ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும். ஓடுகிற பிள்ளைகளையும் சந்தையையும் எடுக்கிற எனக்கு அது சரிவராது. கடைசியில் நின்றது 2019இல் வந்த 16மிமீ எஃப்2.8 ஆர் டபிள்யூஆர். 155 கிராம், 49மிமீ ஃபில்டர், 17 சென்ரிமீற்றர் வரை கிட்டப் போய் எடுக்கலாம். இதில் கை அதிர்வை ஈடுசெய்யும் ஓஐஎஸ் கிடையாது, என் கமராவிலும் கிடையாது. அதாவது இருட்டான இடத்தில் அசையாத பொருளை எடுக்க 18-55தான் இன்னும் நல்லது. அது தெரிந்தே, பாரம் குறைவு என்பதற்காக இதைத் தெரிவுசெய்தேன். இன்றைக்கும் பயணத்துக்கு இதுதான் சரியான லென்ஸ் என்றே சொல்வேன். லென்ஸின் வகையில் குறையில்லை, விற்றவர்கள் செய்ததுதான் குறை.

கடையிடம் வட்ஸ்அப்பில் கேட்டபோது, "புதுசு, பெட்டியோடு இருக்கு, ஒரு வருஷம் கடை வொறண்டி" என்று பதில் வந்தது. சனிக்கிழமை பின்னேரம் கமராவையும் கொண்டு போனேன். மாட்டிப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். "பில் போட்ட பிறகுதான் பெட்டி திறப்போம் தங்கச்சி. திறந்த பெட்டியைப் பிறகு வேறு யாரும் வாங்க மாட்டார்கள்" என்றார் கடைக்காரர். கார்ட் என்றால் 3 வீதம் கூட வரும் என்றும் சொன்னார். கார்டில் கட்டுகிறவரிடம் அப்படி மேலதிகமாக வாங்கக் கூடாது என்று மத்திய வங்கியே சொல்லியிருக்கிறது. அதைச் சொன்னதும், "அப்ப காசாகத் தாங்கோவன்" என்று முடித்துவிட்டார். ஒரு லட்சத்துக்கும் மேல். பில்லில் "கமரா லென்ஸ் 1" என்று மட்டும் எழுதி, சீல் குத்தித் தந்தார். லென்ஸின் தொடர் இலக்கத்தையும் எழுதச் சொன்னேன். அது வொறண்டி கார்டில் இருக்கிறது, பில்லில் தேவையில்லை என்றார். பெட்டியை அவரே திறந்தார், அவரே மாட்டினார், கடைக்குள் இருந்த தட்டு ஒன்றை ஒரு படம் எடுத்து, பின் திரையில் நடுப்பகுதியை மட்டும் பெருப்பித்துக் காட்டினார். கடையின் ஷட்டர் கதவு பாதி இறங்கியிருந்தது.

மறுநாள் காலையில் வெள்ளவத்தைக் கடற்கரையில் எஃப்2.8இல் வைத்து அடிவானத்தை எடுத்தேன். இடது ஓரத்தில் நின்ற கப்பலின் பாரந்தூக்கிகள் வரை தெளிவாக எண்ணலாம். வலது ஓரத்தில் கப்பல் ஒரு சாம்பல் பொட்டு. கமராவைத் தலைகீழாகப் பிடித்து அதே இடத்தை மறுபடி எடுத்தேன். இப்போது முன்பு தெளிவாக இருந்த கப்பல் மங்கிப் போனது, மங்கியிருந்தது தெளிந்துவிட்டது. அதாவது கடலிலோ வெளிச்சத்திலோ பனிமூட்டத்திலோ பிழை இல்லை. லென்ஸின் ஒரு பக்கம்தான் பழுது.

வீட்டுக்கு வந்து, ஃபோன் டோர்ச்சை லென்ஸின் பின்பக்கமாகப் பிடித்துச் சாய்வாகப் பார்த்தேன். முன் கண்ணாடிக்கு உள்ளே, ஓரத்தில், சிலந்தி நூல் போல வெள்ளைக் கிளைகள். பங்கஸ். கொழும்பு மாதிரி ஈரக் காற்றுள்ள ஊரில் லென்ஸை மூடிய அலுமாரிக்குள்ளோ பைக்குள்ளோ நீண்ட நாள் வைத்தால் வரும். ஒரு இரவில் வளர்கிற விஷயம் இல்லை. கமராவில் பூட்டுகிற மவுண்ட் வளையத்தில் பல முறை மாட்டிக் கழற்றிய கீறல்கள் இருந்தன, ஸ்குரூ தலைகளில் யாரோ திருப்பித் தேய்த்த அடையாளமும் இருந்தது. லென்ஸில் இருந்த இலக்கம் பெட்டியிலும் வொறண்டி கார்டிலும் இருந்த இலக்கத்தோடு ஒத்துப்போகவில்லை.

திங்கட்கிழமை கடை திறந்த உடனே போனேன். அங்கே நடந்ததைத்தான் நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். முதலில் கடலில் எடுத்த படங்களைக் காட்டினேன். "வைட் லென்ஸ் என்றால் ஓரம் இப்படித்தான் இருக்கும் தங்கச்சி. நீங்கள் 18-55 பாவித்துப் பழகினவர், அதுதான் வித்தியாசமாகத் தெரியுது" என்றார். ஒரு பக்கம் மட்டும் ஏன் மங்குகிறது அண்ணா என்று கேட்டேன். ஃபோகஸ் பிழை என்றார். டோர்ச்சில் பங்கஸைக் காட்டினேன். தூசி என்றார். இலக்கங்களைக் காட்டினேன். "பெட்டி மாறிப் போயிருக்கும்" என்றார். அப்படியானால் இந்த இலக்கம் உள்ள பெட்டியை எடுத்துத் தாருங்கள் என்று கேட்டதும் குரல் மாறிவிட்டது. நான்தான் விழுத்தியிருக்க வேண்டும், கடை வொறண்டி விழுந்ததற்கும் பங்கஸுக்கும் செல்லாது, வேண்டுமென்றால் பாதி விலைக்கு அவரே திரும்ப எடுத்துக்கொள்வார், அதுவும் காசாக இல்லை, கடையில் வேறு பொருளாக என்றார். ஒரு கணத்துக்கு முன் தூசி என்று சொன்ன அதே வாய் இப்போது பங்கஸுக்கு வொறண்டி இல்லை என்கிறது. பக்கத்தில் நின்ற ஒரு பையன் தலையைக் குனிந்துகொண்டு கேபிள் சுற்றிக்கொண்டிருந்தான்.

அந்த முதல் பதில்தான் ஆபத்தானது, ஏனென்றால் அதில் பாதி உண்மை. அகன்ற லென்ஸ்களில் ஓரங்கள் நடுப்பகுதியை விட மென்மையாக இருப்பது வழக்கம். இந்த 16மிமீ, நேர்கோடுகள் வெளிப்பக்கம் வளைவதைக் கமராவுக்குள்ளேயே மென்பொருளால் நிமிர்த்துகிற லென்ஸ். அப்படி இழுத்து நிமிர்த்தும்போது மூலைகளில் கொஞ்சம் கூர்மை போகும். புதிதாக வாங்குகிற ஒரு மாணவரோ, கலியாண வீட்டுப் படம் எடுத்து உழைக்கிற ஒரு தம்பியோ இதை எங்கேயோ வாசித்திருப்பார். கடைக்காரர் சொன்னதும் ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுவார். ஆனால் அந்த இயல்பான மென்மை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், எஃப்5.6, எஃப்8 என்று துளையை மூட மூடக் குறையும். லென்ஸ் வட்டமானது, இடதுக்கும் வலதுக்கும் அதற்கு வேறுபாடு கிடையாது. ஒரு பக்கம் மட்டும் பழுது என்றால் உள்ளே ஒரு கண்ணாடி இடம் நகர்ந்திருக்கிறது அல்லது சாய்ந்திருக்கிறது. விழுந்ததால் வரலாம், திறந்து சரியாகப் பூட்டாததால் வரலாம், அரிதாகத் தொழிற்சாலையிலிருந்தே வரலாம். எதுவானாலும் புதிய லென்ஸின் விலைக்கு அது வேண்டாம்.

கடை வாசலில் நின்றே இதைச் சோதிக்கலாம். உங்கள் கமரா, நிறைந்த பற்றரி, மெமறி கார்ட், ஃபோன் டோர்ச் போதும். தெருவுக்கு எதிர்ப்பக்கம் மூன்று மொழியிலும் எழுதிய ஏதாவது பெயர்ப்பலகை கட்டாயம் இருக்கும். துளையை முழுவதும் திறந்து, நடுவில் அந்தப் பலகைக்கு ஃபோகஸ் பிடித்து, அப்படியே ஃபோகஸைப் பூட்டிவிடுங்கள். பிறகு நின்ற இடத்திலிருந்து கமராவை மட்டும் திருப்பி, பலகை இடது ஓரத்தில் வருகிற மாதிரி ஒன்று, வலது ஓரத்தில் வருகிற மாதிரி ஒன்று எடுங்கள். ஷட்டர் வேகம் 1/500 செக்கனுக்குக் குறையாமல் இருக்கட்டும், கை நடுக்கம் கணக்கைக் குழப்பாது. சின்ன எழுத்துகளைப் பெருப்பித்துப் பாருங்கள். இரண்டிலும் ஒரே அளவு மங்கல் என்றால் பிரச்சினை இல்லை. ஒன்றில் வாசிக்கலாம், மற்றதில் வாசிக்க முடியாது என்றால் லென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அப்புறம் டோர்ச்சால் உள்ளே பாருங்கள். ஓரிரு தூசித் துகள் புதிய லென்ஸிலும் இருக்கும், அது படத்தில் தெரியாது. கிளை விடுகிற நூல், மூட்டமாக ஒரு படலம், இவை இருந்தால் வேண்டாம். லென்ஸ், பெட்டி, கார்ட் மூன்றிலும் இலக்கம் ஒன்றா என்று வடிவாகப் பார்த்து, அந்த இலக்கத்தைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தாலோ, பில் போட்ட பிறகுதான் திறப்போம் என்றாலோ வெளியே வந்துவிடுங்கள். பம்பலப்பிட்டியிலிருந்து கோட்டை வரைக்கும் வேறு கடைகள் இருக்கின்றன.

வொறண்டி பற்றியும் ஒரு சொல். கடை வொறண்டி என்பது அந்தக் கடைக்காரரின் வாய்ச்சொல்தான். இலங்கைக்கு அதிகாரபூர்வமாகக் கொண்டுவருகிற முகவரின் வொறண்டியா என்று கேளுங்கள். என் லென்ஸின் இலக்கத்தை முகவரிடம் கொடுத்துப் பார்த்தேன், அவர்கள் கொண்டுவந்த லென்ஸே இல்லை. மரியாதையாகவே பதில் சொன்னார்கள்.

பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைத்துக் கேட்டுவிட்டு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி, கேட்டால் பற்றுச்சீட்டு தர வேண்டியது வியாபாரியின் கடமை. கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒத்துவராத பொருளை விற்றால் அதிகாரசபை விசாரிக்கலாம். ஆனால் பொருள் வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். வட்ஸ்அப்பில் "புதுசு" என்று அவர்கள் எழுதியதன் படம், பில், மூன்று இலக்கங்களும் தெரிகிற படங்கள், கடலில் எடுத்த இரண்டு படங்கள், எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தேன். விசாரணைத் திகதிக்காகக் காத்திருக்கிறேன். பாதி விலைப் பேச்சுக்கு நான் சம்மதிக்கவில்லை. அந்த லென்ஸ் அப்படியே திரும்பிப் போனால், திருப்பிப் பெட்டியில் போட்டு அடுத்தவருக்கு விற்பார்கள்.

கடந்த சில கிழமைகளில் கொழும்பில் கடை வொறண்டியோடு லென்ஸ் வாங்கியவர்கள், இன்றைக்கே பெட்டியை எடுத்து இலக்கங்களை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒத்துவராவிட்டால் மூன்று மாதம் முடிய முன் முறைப்பாட்டைக் கொடுத்துவிடுங்கள்.