தெர்மலா, மைக்ரோபிராசஸரா? பேனலுக்கு எம்சிசிபி எடுக்கும்போது

பேனல் போர்டுக்கு கொட்டேஷன் கேட்டால் இரண்டு விலை வரும். ஒன்று தெர்மல் மேக்னெட்டிக் எம்சிசிபிக்கு (லோடு மிஞ்சினாலோ ஷார்ட் ஆனாலோ தானாக ட்ரிப் ஆகும் பெரிய சர்க்யூட் பிரேக்கர்), இன்னொன்று மைக்ரோபிராசஸர் ரிலீஸ் (ட்ரிப் செய்யவைக்கும் பாகம்) வைத்ததற்கு. விலை வித்தியாசத்தைப் பார்த்ததும் பலர் எல்லாவற்றையும் தெர்மலாகவே போடச் சொல்லிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், ஃபீடர்களுக்கு, அதாவது பேனலிலிருந்து ஒவ்வொரு லோடுக்கும் பிரியும் லைன்களுக்கு, அது போதும். பேனலுக்குக் கரண்ட் உள்ளே வரும் மெயின் பிரேக்கரான இன்கமருக்கும் ஜெனரேட்டருக்கும் போதாது.

250 கேவிஏ டிரான்ஸ்பார்மர் வைத்த ஒரு பட்டறையை எடுத்துக்கொள்வோம். 433 வோல்ட்டில் முழு லோடு சுமார் 333 ஆம்பியர். 400 ஆம்பியர் இன்கமர் போடுவார்கள். தெர்மலில் சூடேறி வளையும் பைமெட்டல் பட்டைதான் ட்ரிப் செய்கிறது. பெரும்பாலும் அதை 40 டிகிரிக்குக் கணக்கிட்டிருப்பார்கள். தகரக் கூரைக்கடியில், கத்திரி வெயிலில் பேனலுக்குள் சூடு அதைத் தாண்டிவிடும். லோடு ஏறாமலே ட்ரிப் ஆகும். உடனே யாராவது டயலைக் கடைசிக் கோடு வரை திருகிவிடுவார்கள். அப்புறம் கேபிளுக்கு ஏது பாதுகாப்பு? மைக்ரோபிராசஸர் சிடி (கரண்ட் டிரான்ஸ்பார்மர்) வைத்து கரண்டை அளப்பதால் இந்தத் தொந்தரவு குறைவு.

ஆனால் கூடுதல் காசு கொடுக்க முக்கியக் காரணம் வேறு. ஒரு ஃபீடரில் 5,000 ஆம்பியர் ஷார்ட் என்று வையுங்கள். தெர்மல் இன்கமரின் மேக்னெட்டிக் செட்டிங் (ஷார்ட்டில் உடனே ட்ரிப் ஆகும் அளவு) 10 மடங்கு, அதாவது 4,000 ஆம்பியரில் இருந்தால் ஃபீடரோடு அதுவும் விழக்கூடும். பட்டறை முழுக்க இருட்டு. மைக்ரோபிராசஸரில் ஷார்ட் டைம் டிலேயை (ஷார்ட் வந்தும் ட்ரிப் ஆகாமல் காத்திருக்கும் நேரம்) 0.1 நொடி வைத்தால் ஃபீடர் மட்டும் முதலில் விழும். அந்த 0.1 நொடியை இன்கமர் தாங்குமா என்று கேட்லாக்கில் ஐசிடபிள்யூ மதிப்பைப் பார்த்து வாங்குங்கள். இதைப் பலர் பார்ப்பதே இல்லை.

ஜெனரேட்டர் கதை இதற்கு நேர் எதிர். 125 கேவிஏ செட்டின் முழு லோடு 174 ஆம்பியர். ஷார்ட் ஆனாலும் நிலைத்து நிற்கும் கரண்ட் பொதுவாக மூன்று மடங்கு அளவில்தான் இருக்கும். 200 ஆம்பியர் தெர்மலின் மேக்னெட்டிக் 10 மடங்கில், 2,000 ஆம்பியரில் காத்திருந்தால் அது அசையவே அசையாது. பைமெட்டல் சூடாகும் வரை ஆல்டர்னேட்டர்தான் வேகும். இங்கே குறைந்த ஷார்ட் செட்டிங் உள்ள மைக்ரோபிராசஸர் வேண்டும்.

கேஏ விஷயத்தில், அதாவது பிரேக்கர் எத்தனை ஆயிரம் ஆம்பியர் ஷார்ட்டைத் துண்டிக்கும் என்பதில், பயமுறுத்தலுக்கு ஆளாக வேண்டாம். 4.5 சதவீத இம்பீடன்ஸ் (ஷார்ட் கரண்டைக் கட்டுப்படுத்தும் உள் தடை) என்றால் இந்த டிரான்ஸ்பார்மரின் வாயிலேயே ஷார்ட் கரண்ட் சுமார் 7.4 கேஏதான். 50 கேஏ எதற்கு? 25 கேஏ தாராளம். ஐசிஎஸ் (ஷார்ட்டைத் துண்டித்த பிறகும் தொடர்ந்து வேலை செய்யக்கூடிய அளவு, அதிகபட்சத் துண்டிக்கும் திறனில் எத்தனை சதவீதம் என்பது) 100 சதவீதமா என்று மட்டும் லேபிளில் பாருங்கள்.

சோலார் டிசி பக்கத்துக்கு இந்த மைக்ரோபிராசஸர் ஆகாது. சாதா சிடி டிசியை அளக்காது. அங்கே டிசி ரேட்டிங் போட்ட தெர்மல்தான்.