ஐந்து வருஷம் இழுத்த கேபின் டிராலியும் அதன் சக்கரங்களும்

நான்கு சக்கரங்களையும் போன வாரம்தான் மாற்றினேன். மாற்றிய கையோடு நண்பர் ஒருவர் கேட்டார்: "கேபின் சைஸ்ல ஒரு டிராலி வாங்கணும், உன்னுது எப்படி இருக்கு?" இதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த பெட்டி. 55 செ.மீ உயரம், நான்கு பக்கமும் சுழலும் சக்கரம், காலிப் பெட்டியின் எடை 2.9 கிலோ. ஐந்து வருஷமாக மாதத்துக்கு ஒரு விமானப் பயணம், ஒரு ராத்திரி ரயில். பிராண்ட் பெயர் வேண்டாம். நான் சொல்லப்போகும் கோளாறு அந்த ஒரு கம்பெனியோடு நிற்பதில்லை.

சக்கரம் தேயவில்லை, உதிர்ந்தது. இந்த வித்தியாசம் முக்கியம். தேய்ந்த சக்கரம் சிறுத்துப்போகும், ஆனாலும் ஓடும். இதுவோ பழைய பிஸ்கட் மாதிரி பொடிப்பொடியாகத் தரையில் கொட்டி, கடைசியில் நடுவிலிருக்கும் கெட்டிப் பிளாஸ்டிக் மட்டும் மிஞ்சியது. ரொம்ப நாள் டப்பாவிலேயே கிடந்த ஷூவை எடுத்து மாட்டினால் பத்தடி நடப்பதற்குள் அடிப்பகுதி கழன்று தூளாகுமே, அதே வியாதிதான் இதுவும். சக்கரத்தின் வெளிச்சுற்று பாலியூரித்தேன் என்ற, ரப்பர் மாதிரியான பிளாஸ்டிக். அதில் பாலியெஸ்டர் வகை என்று ஒன்று உண்டு. காற்றிலுள்ள ஈரம் அதன் மூலக்கூறுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துவிடும். சென்னை மாதிரி வருஷம் முழுக்கப் புழுக்கமான ஊரில் இது சீக்கிரமே நடக்கும். பெட்டியை வெளியே எடுக்காமல் பரணில் போட்டு வைத்தாலும் நடக்கும். பத்திரமாக வைத்திருந்த பெட்டி, ஊருக்குக் கிளம்பும் அன்று வாசல்படி இறங்குவதற்குள் உதிர்வது இதனால்தான். பாலித்தீன் கவரில் இறுக்கிக் கட்டி வைப்பதும் உதவாது. உள்ளே மாட்டிய ஈரம் அங்கேயே கிடக்கும்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே பெட்டியைக் கவிழ்த்து, கட்டைவிரல் நகத்தால் சக்கரத்தை அழுத்திப் பாருங்கள். நல்ல சக்கரத்தில் பதிந்த தடம் உடனே மறைந்துவிடும். தடம் அப்படியே நின்றாலோ, தொட்டால் பிசுபிசுத்தாலோ, ஓரத்தில் மயிரிழை விரிசல் தெரிந்தாலோ அது அதிக நாள் தாங்காது.

வாரன்டி கார்டில் ஐந்து வருஷம் என்று பெரிதாகப் போட்டிருந்தது. அது முடிவதற்கு முன்பே கேட்டதற்கு, "சக்கரம் தேய்மானப் பொருள், வாரன்டியில் வராது" என்றார்கள். தேய்மானம் என்றால் நான்கும் தரையில் உருளும் வெளிச்சுற்றில்தான் தேய வேண்டும். இதில் தரையே தொடாத பக்கவாட்டிலும் வெடிப்பு இருந்தது. இதைத் தேய்மானம் என்று சொல்வது நியாயமே இல்லை. இந்தக் கோபம் இன்னும் தணியவில்லை.

மாற்றும் வேலை கடினமல்ல, பொறுமைதான் வேண்டும். வாங்குவதற்கு முன் நான்கு அளவுகளைக் குறித்துக்கொள்ள வேண்டும்: சக்கரத்தின் விட்டம், அகலம், நடுத்துளையின் விட்டம், அச்சின் நீளம். என் பெட்டிக்கு 50 மி.மீ விட்டம், 18 மி.மீ அகலம், 6 மி.மீ துளை. உதிர்ந்த சக்கரத்தை அளந்தால் தப்பான எண்தான் கிடைக்கும். சக்கரம் உட்காரும் கவட்டின் உள்ளளவை எடுத்து, சக்கரம் உரசாமல் சுழலும்படி சுற்றிலும் இரண்டு மூன்று மி.மீ இடைவெளி விட்டுக் கணக்குப் போடுங்கள். அந்த இடைவெளி இல்லாத அளவுக்குப் பெரிதாக வாங்கினால் கவட்டின் உச்சியில் உரசி, சக்கரம் சுற்றாமல் இழுபடும்.

பழைய அச்சு இரண்டு பக்கமும் ரிவெட் அடித்து மூடியிருக்கும். ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் கவடு உடைந்துவிடும், கழற்றவும் முடியாது. சக்கரத்துக்கும் கவட்டுக்கும் நடுவில் ஹாக்ஸா பிளேடை நுழைத்து அச்சை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். கவட்டின் உள்பக்கம் இரண்டு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டிக்கொண்டால் கீறல் விழாது. பிளேடின் மறுமுனையில் துணி சுற்றிப் பிடித்து, அவசரப்படாமல் அறுத்தால் ஒரு சக்கரத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிஷம் ஆகும். மிச்சமிருக்கும் துண்டுகளை ஆணியால் தட்டி வெளியே தள்ளிவிடலாம்.

புது செட்டில் இரண்டு பக்கமும் ஆலன் கீ (அறுகோணச் சாவி) போட்டு முடுக்கும் அச்சு வரும். சக்கரத்தின் இரு பக்கமும் வாஷர் போட மறக்கக்கூடாது. முழுசாக முடுக்கிவிட்டு, விரலால் தட்டினால் சக்கரம் தானாகச் சுற்றும் அளவுக்குக் கால் சுற்றுத் தளர்த்துங்கள். மரையில் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் விட்டால் அதிர்வில் கழலாது. உடைந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதும் என்று கடைக்காரர் சொல்வார். கேட்காதீர்கள். ஒரு சக்கரம் மட்டும் உயரமாக இருந்தால் பெட்டி ஆடும், ஒரு பக்கமாக இழுக்கும். மற்ற மூன்றுக்கும் அதே வயசு, அவையும் பின்னாலேயே உதிரும். எனக்கு செட் 400 ரூபாய் ஆனது. ரப்பர் வகைச் சக்கரமாகக் கேட்டு வாங்கினேன். கொஞ்சம் வேகமாகத் தேயும், ஆனால் இப்படித் தூளாகாது.

சக்கரத்தை விட்டுவிட்டுப் பார்த்தால் பெட்டி உறுதியானது. பாலிகார்பனேட் அடி வாங்கினால் உள்வாங்கிவிட்டுத் திரும்ப எழும்பும். விலை குறைந்த ஏபிஎஸ் பிளாஸ்டிக் பெட்டிகள் அதே அடிக்கு மூலையில் விரிசல் விடும். மேற்பரப்பு முழுக்கக் கோடு விழுந்திருக்கிறது, விரிசல் ஒன்றுகூட இல்லை. ஜிப்பும் தங்கம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மெழுகுவர்த்தியை அதன் பல்லில் தேய்த்து, ரன்னரை நாலு தடவை ஓட்டினால் போதும். கைப்பிடிக் குழாய்க்குள் மணல் புகுந்து சிக்கினால் தேங்காய் எண்ணெயோ மிஷின் எண்ணெயோ விடாதீர்கள். புழுதி அதில் ஒட்டிக் களிம்பாகிவிடும். காய்ந்த துணியால் துடைத்து சிலிகோன் ஸ்ப்ரே லேசாக அடித்தால் சரியாகிவிடும்.

பெட்டியிலுள்ள டிஎஸ்ஏ பூட்டைப் (டிஎஸ்ஏ என்பது அமெரிக்க விமான நிலையப் பாதுகாப்பு அமைப்பு) பற்றி ஒன்று. அதில் சாவித்துளை இருக்கும், சாவி தரமாட்டார்கள். தொலைந்துபோனதோ என்று தேட வேண்டாம், அது விமான நிலையப் பாதுகாப்புப் பரிசோதகர்களுக்கான துளை. எண் மாற்றும் சின்னப் பொத்தான் தெரியாமல் அழுந்திவிட்டால் பூட்டு வேறு எண்ணுக்கு மாறிவிடும். 000-லிருந்து வரிசையாகப் போட்டுப் பார்த்தால் மொத்தம் ஆயிரம் எண்தான். உடைக்க அவசியமில்லை.

அடுத்த குறை எடை. உள்நாட்டு விமானத்தில் கைப்பெட்டிக்குப் பொதுவாக 7 கிலோ. அதில் பெட்டியே 2.9 கிலோவைத் தின்றுவிடுகிறது. லேப்டாப்பும் சார்ஜரும் 1.8 வைத்தால் மிச்சம் 2.3 கிலோ. மூன்று ராத்திரிக்கு அதில் அடங்குவது இது: மூன்று காட்டன் சட்டை 700 கிராம், ஒரு காட்டன் பேன்ட் 400, உள்ளாடைகள் 300, நாலு முழ வேட்டி 300, ஈரிழைத் துண்டு 150, சோப்பு பிரஷ் வகையறா 400. கூட்டினால் 2.25. டர்க்கி டவல் வைத்தால் அது மட்டுமே அரை கிலோ, ஈரமானால் காயவும் காயாது. ஈரிழைத் துண்டு ஃபேன் காற்றில் இரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடும். ஜீன்ஸ் போவதாக இருந்தால் அது உடம்பில்தான் போக வேண்டும், பெட்டியில் அதற்கு இடமில்லை.

பவர் பேங்கைப் பெட்டியின் அடியில் புதைக்காதீர்கள். கேபினில் இடமில்லை என்று விமான வாசலில் பெட்டியை வாங்கிக் கீழே ஏற்றுவது அடிக்கடி நடக்கும். பவர் பேங்க் சரக்கறைக்குப் போகக்கூடாது என்பதால் வரிசையில் நின்றுகொண்டே எல்லாவற்றையும் கலைக்க வேண்டிவரும். சின்னப் பையில் போட்டு, மேலாக, ஜிப்புக்குப் பக்கத்தில் வைத்தால் ஒரே இழுப்பில் வந்துவிடும். 100 வாட்-ஹவர் வரைதான் தனி அனுமதி இல்லாமல் எடுத்துப்போகலாம். 20,000 எம்ஏஎச் என்றால் 20 ஆம்பியர்-ஹவர், அதை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 74 வாட்-ஹவர், பிரச்சினையில்லை. எண் அழிந்துபோன பழசைப் பிடுங்கி வைத்துக்கொள்ள வாய்ப்புண்டு.

ரயிலில்தான் இந்தப் பெட்டி படுத்தும் பாடு அதிகம். புத்தகம் போலப் பாதியாகப் பிளந்து திறப்பதால் கீழே 55-க்கு 70 செ.மீ இடம் வேண்டும். பாண்டியன் எக்ஸ்பிரஸில் விளக்கணைத்த பிறகு இரண்டு பெர்த்துக்கு நடுவில் அதைத் திறக்கவே முடியாது. கைலி, துண்டு, பிரஷ், சார்ஜர், தண்ணீர் இவற்றை ஒரு துணிப்பையில் தனியாக வைத்துவிட்டால் காலை வரை பெட்டியைத் தொட வேண்டியதில்லை. நான்கு சக்கரமும் சுழல்வதால் வண்டி பிரேக் போடும்போதெல்லாம் பெட்டி பெர்த்துக்கு அடியிலிருந்து தானாக வெளியே வரும், யாராவது தடுக்கி விழுவார்கள். சக்கரம் தரையில் படாதபடி பெட்டியைப் படுக்கப் போடுங்கள். லோயர் பெர்த்துக்கு அடியிலுள்ள வளையத்தில் சங்கிலி போட்டுக் கட்டுவதும் நல்லது.

பிளாட்பாரச் சரிவிலும் இதே தொல்லைதான். கையை எடுத்தால் ஓடிவிடும். கரடுமுரடான கல் தரையில் நான்கு சக்கரத்தால் லாபமே இல்லை, சாய்த்து இரண்டில்தான் இழுக்க வேண்டும். வழவழப்பான விமான நிலையத் தளத்தில் மட்டும் ஒற்றை விரலால் தள்ளிக்கொண்டே போகலாம். அந்தச் சுகம் பொய்யில்லை.

ஆக, ஓடு நல்லது, ஜிப் நல்லது, பூட்டு நல்லது, புதுச் சக்கரம் சத்தமில்லாமல் ஓடுகிறது, இன்னும் ஐந்து வருஷம் இதைத்தான் இழுக்கப்போகிறேன். நண்பருக்குச் சொன்ன பதில்: இதை வாங்காதே. பாதிப் பயணம் ரயில், பஸ் என்றால் இரண்டு சக்கரம் உள்ள, மேல்பக்கம் மட்டும் திறக்கும் துணிப் பெட்டி எடு. இரண்டு கிலோவுக்கு மேல் போனால் வேண்டாம். கடையிலேயே பெட்டியைக் கவிழ்த்து அச்சைப் பார். ரிவெட்டுக்குப் பதில் ஆலன் கீ போடும் அறுகோணக் குழி தெரிந்தால் நூறு இருநூறு ரூபாய் கூடுதலானாலும் அதையே வாங்கு.