"முழு ஸ்வாஷ் செட்" என்று விற்கும் ஸாப்ஃபினோ கோப்பை வாங்காதீர்கள்

கல்யாணப் பத்திரிகையில் மணமக்கள் பெயரை ஆங்கிலத்தில் போட ஸாப்ஃபினோ என்ற கையெழுத்துப் பாணி எழுத்துருவைத் தேடுகிறவர்கள் கவனிக்கவும். "ஸாப்ஃபினோ எக்ஸ்ட்ரா, எல்லா ஸ்வாஷும் (அலங்காரச் சுழிப்பும்) உண்டு, கமர்ஷியல் லைசென்ஸ் சேர்த்து" என்று சொல்லி ஆன்லைனில் ஒருவர் எங்கள் அச்சகத்துக்கு விற்ற ஜிப்பில் இருந்தது வேறு சரக்கு.

ஹெர்மன் ஸாப்ஃப் வரைந்து, லினோடைப் நிறுவனம் 1998-ல் வெளியிட்ட எழுத்துரு இது. ஒரே எழுத்துக்குப் பல வடிவங்கள் உண்டு. பக்கத்து எழுத்தைப் பார்த்து எது வர வேண்டும் என்ற விதியும் கோப்புக்குள்ளேயே இருக்கும். அந்த விதி போனால் எழுத்துருவே போன மாதிரி. வந்த கோப்பில் பல்லவி என்ற பெயரை அடித்தால் இரண்டு 'எல்'லும் நகல் எடுத்ததுபோல் நிற்கின்றன. வடிவமைப்பு மென்பொருளான கோரல்டிராவில், மாற்று வடிவங்களைத் தரும் ஓப்பன்டைப் வசதி எதுவுமே தலைகாட்டவில்லை.

காரணம் இதுதான். மேக்கோடு வரும் ஸாப்ஃபினோ, ஆப்பிளுக்கே உரிய ஏஏடி (AAT) என்ற எழுத்துரு முறையில் எழுதப்பட்டது. அதன் விதிகள் கோப்புக்குள் 'மார்க்ஸ்' (morx) என்ற அட்டவணையில் இருக்கும். விண்டோஸில் நாம் பயன்படுத்தும் மென்பொருள்கள் தேடுவது ஓப்பன்டைப்பின் 'ஜிசப்' (GSUB) அட்டவணையை. அந்த மேக் கோப்பை உருவி, பெயர் மாற்றி விற்றிருக்கிறார்கள். விற்பனைப் பக்கத்தில் இருந்த மாதிரிப் படம் அசல் எழுத்துருவில் செய்தது, அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

கோப்பு கையில் வந்ததும் ஃபான்ட்ஃபோர்ஜ் என்ற எழுத்துரு மென்பொருளில் திறந்து, எலிமென்ட் மெனுவில் ஃபான்ட் இன்ஃபோ, அதில் லுக்கப்ஸ் பாருங்கள். ஜிசப் பகுதி காலியாக இருந்தாலோ, கோரல்டிராவில் ஓப்பன்டைப் வசதி வராவிட்டாலோ அங்கேயே நிறுத்திவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். அதே இடத்தில் டிடிஎஃப் நேம்ஸ் பகுதியில் பதிப்புரிமை (காப்பிரைட்) வரியையும் படியுங்கள். எங்களுக்கு வந்ததில் எழுத்துருவின் பெயரை மட்டும் மாற்றிவிட்டு, அந்த வரியை அப்படியே விட்டிருந்தார்கள்.

லைசென்ஸ் என்று கொடுத்த பிடிஎஃபுக்கு மதிப்பில்லை. லினோடைப் இப்போது மோனோடைப்பின் கையில். அவர்களோ அவர்கள் அனுமதித்த கடைகளோ கொடுத்தால்தான் உரிமம். மேக் வைத்திருப்பவர்கள் அதிலேயே வேலை செய்யலாம், கோப்பை விண்டோஸுக்கு எடுத்துப்போகக் கூடாது.

இன்னொரு தொல்லை, மெல்லிய கோடுகள். அசல் கோப்பாக இருந்தாலும் சின்ன அளவில் ஃபாயில் (பளபளக்கும் உலோகத் தாள்) அடித்தால் அவை அறுந்துபோகும். பெயரைப் பெரிதாக வையுங்கள், இல்லையென்றால் அவுட்லைனாக்கி மெல்லிய ஸ்ட்ரோக் கொடுங்கள். வினைல் வெட்டுவதென்றால் முதலில் எழுத்துகளை ஒரே வடிவமாக ஒட்டி வெல்ட் செய்யுங்கள், எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் கத்தி குறுக்கே போய்விடும். எழுத்துக்கு எழுத்து இடைவெளி மட்டும் கூட்டவே வேண்டாம், சுழிப்புகள் பிரிந்து தொங்கும்.

பணம் குறைவு என்றால் கூகுள் ஃபான்ட்ஸில் கிரேட் வைப்ஸ், பின்யான் ஸ்கிரிப்ட், அலூரா இருக்கின்றன. மூன்றும் ஓஎஃப்எல் என்ற திறந்த எழுத்துரு உரிமம். பத்திரிகைக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், பில், லுக்கப்ஸ் காலியாக இருப்பதோ ஓப்பன்டைப் வசதி வராததோ தெரியும் படம் மூன்றையும் எடுத்துவையுங்கள். கார்டில் கட்டியிருந்தால் வங்கியில் டிஸ்பியூட் (பணத்தைத் திருப்பிக் கேட்கும் புகார்) போடுங்கள். இந்தியாவில் நுகர்வோர் உதவி எண் 1915.