‘மீன்வகை’ என்றால் என்ன மீன்? பதினோர் ஆண்டுகள் புழங்கிய ஓர் அகராதியைப் பற்றி

என்னிடமுள்ள ஒற்றைத் தொகுதித் தமிழ் அகராதி, பதினோர் ஆண்டுப் புழக்கத்தில் முதுகு பிளந்து, ‘ப’ வரிசை மொத்தமாகக் கழன்று வந்துவிட்டதால், சென்ற மாதம் அதற்குப் புதிதாக பைண்டிங் போட்டேன். கடையிலிருந்து அதைத் தூக்கிவருவதைப் பார்த்த நண்பர், தம் மகளுக்கும் இதையே வாங்கலாமா என்று கேட்டார்.

என் ஆற்றாமையை முதலில் சொல்லிவிடுகிறேன். கெண்டைக்கும் கெளுத்திக்கும் என்ன வேறுபாடு என்று ஒருநாள் வீட்டில் பேச்சு வந்தபோது அகராதியைப் புரட்டினேன். கெண்டை: மீன்வகை. சற்றுத் தள்ளிக் கெளுத்தி: மீன்வகை. அயிரைக்கு மட்டும் சலுகை காட்டிச் ‘சிறுமீன்வகை’ என்று போட்டிருந்தார்கள். மறுநாள் மீன் விற்கும் அம்மா ஒரு கெளுத்தியைத் தூக்கிக் காட்டி, “இதுக்கு மீசை இருக்கும், செதில் இருக்காது, முள்ளு குத்துனா கடுக்கும்” என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டார். இத்தனை பக்கம் அச்சிட்டவர்களுக்கு இந்த ஒரு வரிக்கு இடமில்லாமல் போயிற்றா என்ற எரிச்சல், ‘மரவகை’, ‘பூண்டுவகை’, ‘பறவைவகை’ என்று படிக்கும்போதெல்லாம் இன்றும் வருகிறது.

பழியை இந்த ஒரு நூலின்மீது மட்டும் போடுவது நியாயமாகாது. திவாகரமும் பிங்கலமும் செய்யுளில் அமைந்த நிகண்டுகள். ஒரு பொருளுக்கு வழங்கும் பல பெயர்களைத் தொகுத்துத் தருவதே அவற்றின் வேலை. படிப்பவன் அந்த மீனைக் குளத்தில் பார்த்திருப்பான் என்பது அங்கே பேசாமலே கொள்ளப்பட்ட உடன்பாடு. 1732-இல் வீரமாமுனிவரின் சதுரகராதி சொற்களை அகரவரிசையில் அடுக்கித் தேடுவதை எளிதாக்கியது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனில்கூட, ஆங்கில விளக்கம் விரிவாகச் சொல்லும் பல இடங்களில் தமிழ் விளக்கம் ‘வகை’யோடு நின்றுவிடுகிறது. குளத்தைப் பார்க்காமலே வளரும் தலைமுறைக்கு அந்தப் பழைய உடன்பாடு எப்படிப் பொருந்தும்?

ஆனாலும் இந்த அகராதியை நான் விட்டுவிடவில்லை. அதற்குக் காரணம், தேடாமலே கிடைத்த சொற்கள். ‘கிழங்கான்’ என்ன மீன் என்று பார்க்கப் போய் (வழக்கம்போல மீன்வகைதான்) கண் கீழிறங்கிக் ‘கிழமை’யில் நின்றது. கிழமை என்றால் உரிமை. அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கு உரிய நாள். பள்ளியில் ஆறாம் வேற்றுமைக்குக் ‘கிழமைப் பொருள்’ என்று மனப்பாடம் செய்தபோது உறைக்காதது, காய்கறிப் பையைக் கீழே வைக்காமல் நின்றபடியே அன்று உறைத்தது. அடுத்த வரியிலேயே கிழவன்: உரியவன், தலைவன். முருகனைக் ‘குறிஞ்சிக் கிழவன்’ என்பதில் நரைமுடிக்கு வேலையே இல்லை!

‘சாவி’யும் அப்படித்தான் அகப்பட்டது. மணி பிடிக்காமல் போன பயிர் ஒரு சாவி. போர்த்துக்கீசியரிடமிருந்து வந்த திறவுகோல் இன்னொரு சாவி. ஒன்றுக்கொன்று உறவில்லாத இரண்டு சொற்கள் ஒரே உருவத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன. கைபேசியில் தேடினால் கேட்ட சொல்லோடு கதை முடிந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரரின் அறிமுகம் அங்கே கிடைப்பதில்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு, நண்பரிடம் “வாங்க வேண்டாம்” என்றுதான் சொன்னேன். சொன்ன நேரம் அப்படி. பதினோர் ஆண்டுகளாக ஓரங்களில் பென்சிலால் நான் எழுதிவைத்த குறிப்புகளை, பைண்டிங் போட்டவர் விளிம்பு சீவும்போது பாதியாக நறுக்கிவிட்டிருந்ததைச் சற்று முன்புதான் பார்த்திருந்தேன். கெளுத்திக்கு எதிரே ‘மீசை உண்டு, செ’ என்பதோடு காகிதம் முடிந்திருந்தது.